செனோன் போட்ட தையல்

எங்கள் தீவில் இருக்கிற கொன்சுவேலோ ஊரில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் ஒட்டிவிட்டால் போச்சு, தாய் வைத்த பெயரை அவன் சவப்பெட்டி மேல்தான் மறுபடி பார்க்கலாம். எடிக்சன் தவாரெஸுக்கு ஒட்டியது 'தொண்ணூத்தொண்ணு'. பேஸ்பாலில் அவன் வீசும் பந்து மணிக்குத் தொண்ணூற்றொரு மைல் வேகத்தில் போகும். நல்ல வேகம்தான், யார் இல்லை என்றது? வேறு நாட்டில் பிறந்திருந்தால் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருப்பார்கள். இங்கே சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை விட்டெறிந்தால் தொண்ணூற்றைந்து வீசுகிறவன் ஒருவன் தலையில்தான் விழும்.

அமெரிக்க அணிகளுக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் பதினாறு வயதிலேயே பிள்ளைகளைக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். எடிக்சனுக்கு இருபது நடந்துகொண்டிருந்தது. பேஸ்பால் கணக்கில் அவன் கல்யாணமாகாத கிழவன். இன்னும் ஒரு வருஷம் போனால் அவனைப் பார்க்க யாரும் துப்பாக்கியைத் தூக்க மாட்டார்கள். துப்பாக்கி என்றால் பயப்பட வேண்டாம், பந்தின் வேகத்தைக் காட்டுகிற கருவி. ஆனால் எங்கள் ஊரில் நிஜத் துப்பாக்கியைவிட அதற்குத்தான் மரியாதை.

வேகம் கூட்ட அவன் செய்யாதது எதுவுமில்லை. இரும்புக் குண்டு வீசினான். லாரி டயரை இடுப்பில் கட்டி இழுத்தான். காலையில் வாழைக்காய் மசியலோடு முட்டையை எண்ணாமல் தின்றான். தோள் திமில் மாதிரி திரண்டது, தொடை இரண்டும் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. துப்பாக்கி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாமியார் மாதிரி தொண்ணூற்றொன்று என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்துத் தெரு ஹான்செல் லீவுக்கு ஊருக்கு வந்தான். அவன் அமெரிக்காவில் தொண்ணூற்றேழு வீசுகிறவன். முழங்கையின் உள்பக்கம் ஒரு நீளத் தழும்பு. அங்கே நார் அறுந்துபோய், மணிக்கட்டிலிருந்து வேறொரு நாரை எடுத்துவைத்துத் தைத்திருந்தார்கள். முக்குக்கடை வாசலில் டோமினோ ஆடுகிறவர்கள் அந்தத் தழும்பை ஒருநாள் முழுக்க ஆராய்ந்து தீர்ப்பு சொன்னார்கள். மேலே போன எங்கள் ஊர்ப் பையன்கள் எல்லார் கையிலும் இந்தத் தழும்பு இருக்கிறது. தழும்பில்லாதவன் எவனும் மேலே போகவில்லை. ஆகவே வேகம் வருவது ஆபரேஷனால்தான். இதை மறுத்துப் பேச அங்கே யாருக்கும் வாயில்லை, டோமினோவில் தோற்றுக்கொண்டிருந்தவன் உட்பட.

எடிக்சன் அடுத்த வாரமே பஸ் பிடித்துத் தலைநகரத்துக்குப் போனான். கூடவே மெல்லோ. மெல்லோதான் சின்ன வயசிலிருந்து எடிக்சனின் பந்தைப் பிடிக்கிற கேட்சர், கூட்டாளி, எடுபிடி எல்லாம். எலும்பு டாக்டர் அல்மான்சார் என்ற அம்மாள் எடிக்சனின் கையை மடக்கினார், நீட்டினார், முறுக்கினார்.

"உங்க முழங்கை அருமையா இருக்கு" என்றார்.

"அதைக் கேக்க நான் வரல டாக்டர்."

"வேற எதைக் கேக்க வந்தீங்க?"

"ஆபரேஷன் பண்ணிவிடுங்க. ஹான்செலுக்குப் பண்ண மாதிரி."

டாக்டர் அவனைப் பார்த்தார். பிறகு மெல்லோவைப் பார்த்தார், இரண்டு பேரில் யாராவது ஒருவராவது சிரிக்கிறார்களா என்று.

"தம்பி, அது அறுந்த நாரைச் சரிபண்ற ஆபரேஷன். உங்களுக்கு அறுந்து போகலை."

"அறுந்து போகட்டும்னு காத்துக்கிட்டு உக்கார எனக்கு நேரமில்ல டாக்டர். எனக்கு இருபது ஆச்சு."

"நல்லா ஓடுற எஞ்சினை யாராவது பிரிப்பாங்களா?"

"எங்க ஊர்ல எல்லாரும் பிரிப்பாங்க" என்றான் மெல்லோ. அது உண்மை. புது மோட்டார் சைக்கிளை வாங்கி வந்த அன்றே பிரித்து, இன்னும் வேகமாக ஓடுமா என்று பார்க்காதவன் எங்கள் ஊரில் ஆம்பளையே இல்லை.

டாக்டர் பொறுமைசாலி. ஒரு பேனாவை எடுத்து எடிக்சனின் முழங்கையில் சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு கோடு போட்டுக் காட்டினார். "இதான் அந்த நார். நீங்க டயர் இழுத்தா தோள் பெருக்கும், தொடை பெருக்கும். இது அந்த அளவுக்குப் பெருக்காது. நீங்க பலசாலியா ஆக ஆக இதுக்குத்தான் கஷ்டம். ஒவ்வொரு பந்துக்கும் இது தாங்க முடியாததைத் தாங்குது. ஹான்செல் தொண்ணூத்தேழு வீசுனதுனாலதான் அது அறுந்துது. அறுந்ததுனால தொண்ணூத்தேழு வரலை. புரியுதா?"

"புரியுது டாக்டர்" என்றான் எடிக்சன். வெளியே வந்ததும் மெல்லோவிடம், "இந்தம்மா பண்ண மாட்டாங்க, வேற ஆள் பாக்கணும்" என்றான்.

அன்றைக்கே போய்ப் பார்த்த வேறு டாக்டர்களும் மண்டையில் மூளை வைத்திருந்தார்கள். திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே மெல்லோவுக்கு அந்த யோசனை வந்தது. அவனுக்கு யோசனை வருவது அபூர்வம். வந்தால் ஊர் தாங்காது.

"மச்சான், பெகேரோ உன்னைப் பாத்தா என்ன சொல்வாரு?" பெகேரோ என்பவர் ஓர் அமெரிக்க அணிக்கு ஆள் பார்க்கிறவர்.

"தொண்ணூத்தொண்ணு, பத்தாதும்பாரு."

"அதே தொண்ணூத்தொண்ணை, ஆபரேஷன் பண்ணி எட்டு மாசந்தான் ஆச்சுன்னு சொல்லி வீசுனா?"

எடிக்சன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கரும்புக் காடு ஜன்னலில் போய்க்கொண்டே இருந்தது.

"அடேயப்பா, எட்டே மாசத்துல தொண்ணூத்தொண்ணா, இன்னும் கொஞ்சம் போனா தொண்ணூத்தாறு வருமேன்னு கையெழுத்து வாங்கிருவாருடா. ஆபரேஷன் எதுக்கு? தழும்பு இருந்தாப் போதும்!"

தழும்புக்கு எங்கே போவது? எங்கள் ஊரில் அதற்கு ஒரே ஆள்தான், டோன் செனோன். டோன் என்பது பெரியவர்களுக்கு நாங்கள் வைக்கிற மரியாதை. சேவற்கட்டில் குடல் சரிந்த சேவலைக்கூடத் தைத்து, அடுத்த மாசம் மறுபடி களத்தில் இறக்குகிறவர். மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். அவர் தைத்த தையலை ஒரு மைல் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லலாம் என்பார்கள். கொஞ்சம் மிகைதான், ஆனாலும் நல்ல தையல்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் தம் சேவலை மடியிலிருந்து இறக்கினார். "அடிபட்ட சேவலைத் தைப்பேன். அடிபடாத சேவலைத் தூக்கிட்டு வந்து தையுங்கன்னு எவனும் இதுவரைக்கும் கேட்டதில்லை."

"வெறும் தோல்தான் டோன். உள்ள எதையும் தொட வேணாம்."

"உள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியாது. கோழிக்கு முழங்கை கிடையாது."

ஆனால் கைவேலைக்காரனுக்குக் கை அரிக்கும் இல்லையா? மெல்லோ தன் போனில் ஹான்செலின் தழும்பைப் பெரிதாக்கிக் காட்டினான், பிறந்தநாள் விருந்தில் எடுத்தது. செனோன் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதுல தழும்பு இடது கையில இருக்கு."

"அது கண்ணாடியைப் பாத்து எடுத்த படம் டோன்" என்றான் மெல்லோ.

"கேட்டது நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு கத்தியையும் ஊசியையும் ரம்மில் நனைத்தார். மிச்ச ரம்மை எடிக்சனுக்குக் கொடுத்தார். வலி என்றால் அப்படி ஒரு வலி. எடிக்சன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையில் இருந்த துளைகளை எண்ணினான். பக்கத்துக் கூண்டில் ஒரு சேவல் அவனையே தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் சேவலுக்குப் போடுகிற ஊதா மருந்தை அள்ளித் தடவினார் செனோன். முழங்கை ஒரு வாரத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

அம்மா யோகாஸ்தாவிடம் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னான். அவள் காயத்தைப் பார்க்கவே இல்லை, நேரே போய்க் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்றுகொண்டாள். காயத்தின் சூட்டோடு குளிர்ந்த காற்று பட்டால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்பது எங்கள் ஊர்ப் பெண்களின் வேதம்.

"இதைத் திறந்தே, உன் கையை நானே ஒடிச்சுப்புடுவேன்."

"தண்ணி குடிக்கணும்மா."

"வெந்நீர் குடி."

காயம் ஆறும்வரை அவன் வெந்நீரே குடித்தான். காயம் அழகாக ஆறியது. மெல்லிசாக, நீளமாக, ஹான்செலின் தழும்புக்குத் தம்பி மாதிரி. நாலு மாசம் பொறுத்து, ஆபரேஷன் ஆனவர்கள் செய்கிற மாதிரியே மெதுவாக வீச ஆரம்பித்தான். கொடுமை என்னவென்றால், பொய்யை ஊருக்காகச் சொன்னவனும் அவன்தான், அதை முதலில் நம்பியவனும் அவன்தான்.

"உள்ள ஏதோ மாறியிருக்குடா" என்பான் மெல்லோவிடம், முழங்கையைத் தடவிக்கொண்டே. "பலம் வந்த மாதிரி இருக்கு."

"செனோன் உள்ளயே போகலையேடா!"

"உனக்கென்ன தெரியும்? நீ பந்தைப் பிடி."

பெகேரோ வந்த நாளில் மைதானத்தில் பாதி ஊர் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் போகவில்லை, போகாதவர்கள் வந்துவிட்டார்கள். பெகேரோவுக்கு வெள்ளைத் தொப்பி, இறுகின வாய். உதவியாளர்கள் இரண்டு பேரும் துப்பாக்கிகளைத் தூக்கிப் பிடித்தார்கள். எடிக்சன் வீசினான். தொண்ணூற்றொன்று. மறுபடியும் தொண்ணூற்றொன்று. ஒன்று தொண்ணூற்றிரண்டைத் தொட்டுவிட்டு வெட்கப்பட்டுத் திரும்பியது. பெகேரோ கிட்டே வந்து அவன் கையைப் பிடித்துத் தழும்பைப் பார்த்தார்.

"எப்போ ஆபரேஷன்?"

"எட்டு மாசம் ஆச்சு சார்."

"எட்டு மாசத்துலயா?" பெகேரோவின் இறுகின வாய் திறந்தது. உள்ளே ஒரு தங்கப்பல் இருப்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. "எட்டு மாசத்துல தொண்ணூத்தொண்ணா! தம்பி, அடுத்த வருஷம் நீ எங்கேயோ போயிருவே."

அதே தொண்ணூற்றொன்று! போன வருஷம் இதே மனிதர் இதே எண்ணைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருந்தார். எடிக்சனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய்யில் வந்த பாராட்டானாலும் பாராட்டு பாராட்டுதானே. அம்மா யோகாஸ்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று யாரையோ கட்டிக்கொண்டு அழுதாள்.

"இன்னைக்கு இது போதும், கையைக் கெடுத்துக்காதே" என்றார் பெகேரோ. "நாளைக்கு ஸ்கேன். புது நார் எப்படி ஒட்டியிருக்குன்னு எங்க டாக்டர் பாக்கணும். பாத்துட்டா கையெழுத்துதான்."

ஸ்கேன்.

அவர்கள் இரண்டு பேரும் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள். தழும்பின் நீளம், தையலின் நெருக்கம், எட்டு மாசம், எல்லாம். ஸ்கேனை யோசிக்கவில்லை. மெல்லோ முகமூடியைக் கழற்றிவிட்டு எடிக்சனைப் பார்த்தான். அந்த ஸ்கேனில் ஒரு புது நாரும் இருக்காது, அம்மா வயிற்றிலிருந்து கொண்டுவந்த பழைய நார்தான் இருக்கும். நாளை மதியத்துக்குள் எடிக்சன் தவாரெஸ் பொய்க்காரத் தொண்ணூற்றொன்று ஆகிவிடுவான். அதற்கப்புறம் இந்தத் தீவில் எவனும் அவனைப் பார்க்கத் துப்பாக்கியைத் தூக்க மாட்டான்.

ஒரே வழிதான் இருந்தது. இப்போதே, இந்த நிமிஷமே தொண்ணூற்றைந்தைக் காட்டிவிட வேண்டும். தொண்ணூற்றைந்து வீசுகிறவனிடம் யார் தழும்பைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள்?

"சார், இன்னும் ஒரு பந்து!"

"வேணாம்ப்பா. போதும்னு சொன்னேன்ல." பெகேரோ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உதவியாளர்கள் துப்பாக்கிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மெல்லோ, உக்காருடா!"

"மச்சான், வேணாண்டா."

"உக்காருடான்னா!"

மெல்லோ பந்து பிடிக்கக் குந்தி உட்கார்ந்தான். வாழ்நாள் முழுக்க எடிக்சன் சொன்னபோதெல்லாம் உட்கார்ந்தவன். எடிக்சன் பந்து வீசுகிற மண்மேட்டில் ஏறினான். இரும்புக் குண்டு, டயர், முட்டை, வெந்நீர், அம்மாவின் அழுகை, எல்லாவற்றையும் தோளில் திரட்டிக்கொண்டு வீசினான். மெல்லோவின் கையுறையில் பந்து விழுந்த சத்தம் ஆலை வாசல்வரை கேட்டது. அதற்கு ஒரு நொடி முன்னால் இன்னொரு சத்தம், ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி. அது எடிக்சனுக்கு மட்டும் கேட்டது.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கத்தவில்லை. "எவ்வளவு?" என்று கேட்டான். "எவ்வளவு காட்டுச்சு?"

உதவியாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துப்பாக்கிகள் பைக்குள் இருந்தன. ஒரு பையின் ஜிப்கூட மூடியாகிவிட்டது.

"தொண்ணூத்தஞ்சுக்குக் குறையாது" என்றான் மெல்லோ, வீங்கின விரல்களை உதறிக்கொண்டு. "சத்தியமா சொல்றேன் சார், இந்தக் கையே சாட்சி."

"கையுறையில எண் வராதுப்பா" என்றார் பெகேரோ. அவர் கெட்டவர் இல்லை, எடிக்சனைத் தம் காரில் ஏற்றித் தாமே தலைநகரத்துக்குக் கூட்டிப்போனார். ஆனால் துப்பாக்கி சொல்லாததை அவர் எந்த நாளும் சொன்னதில்லை.

டாக்டர் அல்மான்சாருக்கு அவனை ஞாபகம் இருந்தது. ஸ்கேன் படத்தை விளக்குக்கு நேரே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"நார் முழுசா அறுந்துடுச்சு. ஆனா உங்களுக்கு முன்னாடி ஆபரேஷன் பண்ணவரு எலும்புல ஒரு ஓட்டைகூடப் போடலை. புது நாரும் வைக்கலை. தோலைத் திறந்து தோலை மூடியிருக்காரு. யார் அந்த டாக்டர்?"

பெகேரோவும் எடிக்சனைப் பார்த்தார்.

"டோன் செனோன்" என்றான் எடிக்சன்.

"எந்த ஆஸ்பத்திரி?"

"சேவல் தைக்கிறவர் டாக்டர்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பெகேரோ தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. எடிக்சன் பஸ்ஸில்தான் ஊர் திரும்பினான்.

பின்னால் டாக்டரே அரசாங்க ஆஸ்பத்திரியில் இடம் பிடித்து ஆபரேஷனும் செய்தார். செனோன் போட்ட கோட்டின் மேலேயே வெட்டினார். "யாரா இருந்தாலும் கைவேலை சுத்தம்" என்றாராம். நார் ஒட்டியது. ஆனால் கை முழுசாக நீளவில்லை, எல்லாருக்கும் நீண்டுவிடாது. "தலை வாரலாம், சாப்பிடலாம், நாளைக்கு உங்க குழந்தையைத் தூக்கலாம். அதுக்குத்தான் கை" என்றார் டாக்டர். எடிக்சன் தலையாட்டினான். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். யோகாஸ்தா வெளியே நின்று, குளிர்ந்த தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொள்ளாதே என்று அழுதுகொண்டே சொன்னாள்.

இப்போது அவன் மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறான். ஊர் சும்மா இருக்குமா? அந்தக் கடைசிப் பந்து டோமினோ மேஜையில் வளர்ந்துகொண்டே போனது. தொண்ணூற்றைந்தில் கிளம்பியது, ஈஸ்டருக்குள் தொண்ணூற்றெட்டு ஆகிவிட்டது. தொண்ணூற்றொன்று வீசினவன் செனோனிடம் தையல் போட்டுக்கொண்டு தொண்ணூற்றெட்டு வீசினான் என்பதுதான் எல்லாருக்கும் ஞாபகம். அதற்கப்புறம் நடந்ததை ஞாபகம் வைத்துக்கொள்ள யாருக்கு நேரம் இருக்கிறது?

ஒருநாள் மத்தியானம் அவன் செனோன் வீட்டைத் தாண்டிப் போகும்போது வாசலில் ஃப்ராய்லின் நிற்பதைப் பார்த்தான். எண்பத்தெட்டு வீசுகிறவன், பதினெட்டு வயது. கூட இன்னும் மூன்று பேர். எல்லாரும் சட்டைக் கையைச் சுருட்டி விட்டிருந்தார்கள். செனோன் நாற்காலியில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

எடிக்சன் மோட்டார் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினான். "டோன்! என்ன பண்றீங்க நீங்க?"

"நான் மாட்டேன்னுதான்ப்பா சொன்னேன்" என்றார் செனோன். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, "தையல் அழகா இருக்காம். தலைநகரத்து டாக்டரே சொன்னாங்களாம்" என்றார்.

"போங்கடா வீட்டுக்கு! நாசமாப் போகாதீங்கடா!"

"உனக்கு மட்டும் வேணும், எங்களுக்கு வேணாமா?" என்றான் ஃப்ராய்லின். "நீ போட்டுக்கிட்டுத்தானே தொண்ணூத்தெட்டு வீசுனே?"

"ஊர் சொல்றதைக் கேக்காத, பாரு! என் கையைப் பாருடா!" எடிக்சன் முழுக்கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டி வலது கையை நீட்டினான். அது பாதிக்கு மேல் நீளவில்லை. தரையில் கிடந்த ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வேலியைப் பார்த்து எறிந்தான். எலுமிச்சை செனோனின் காலடியிலேயே விழுந்தது. "பாத்தியா? பாத்துக்கிட்டியா?"

ஃப்ராய்லின் பார்த்தான். கிட்டே வந்து, குனிந்து, நன்றாகவே பார்த்தான். எலுமிச்சையை அவன் பார்க்கவில்லை, நீளாத முழங்கையையும் பார்க்கவில்லை. தழும்பின் மேல்முனையிலிருந்து கீழ்முனைவரை விரலால் மெதுவாக அளந்தான்.

"இதே நீளம் எனக்கும், டோன்" என்றான்.

எடிக்சன் சட்டைக் கையை இறக்கிவிட்டு இடது கையால் பொத்தான் போட்டுக்கொண்டான். அந்த வெயிலில் கொன்சுவேலோ முழுக்கத் தேடினாலும் முழுக்கைச் சட்டை போட்டவன் அவன் ஒருவன்தான்.